தொழிற்சங்கத்தில் சேர்ந்தால் வேலை போய்விடுமா?

கேள்வி: மட்டக்களப்பில் ஒரு தனியார் ஆடைத் தொழிற்சாலையில் மெஷின் ஒப்பரேட்டராக வேலை செய்கிறேன். கொழும்பைத் தலைமையகமாகக் கொண்ட தொழிற்சங்கம் ஒன்றில் சேரும்படி கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் கேட்கிறார். சேர்ந்தால் வேலை போகுமா? முகாமைக்குத் தெரியவருமா? சந்தாவைச் சம்பளத்தில் வெட்டுவார்களா? தொழிற்சாலைக்குள் ஊழியரும் முகாமையும் கூடிப் பேசும் ஊழியர் பேரவை ஏற்கெனவே இருக்கும்போது சங்கம் எதற்கு? மேன்பவர் (ஆட்சேர்ப்பு நிறுவனம்) மூலம் வந்தவர்களும் சேரலாமா? வீட்டில் அம்மாவுக்கு விருப்பமில்லை.

பதில்:

தங்கைக்கு, நான் கல்முனையில் ஒரு தனியார் நிறுவனத்தில் எழுதுவினைஞராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். அங்கிருந்த சங்கக் கிளையின் செயலாளராகவும் பல வருடங்கள் இருந்தேன். சட்டத்தரணி அல்ல என்பதால், சட்டம் சொல்வதையும் நடைமுறையில் கண்டதையும் வேறுவேறாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். இலங்கை அரசியலமைப்பின் 14(1)(ஈ) உறுப்புரை, தொழிற்சங்கம் அமைப்பதையும் அதில் சேர்வதையும் பிரசையின் அடிப்படை உரிமையாகக் கூறுகிறது. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஏழு பேர் கையொப்பமிட்டு ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1999ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 32அ பிரிவு இன்னும் நேரடியானது: சங்கத்தில் அங்கத்தவராக இருக்கிறார் என்பதற்காகவோ சங்க வேலையில் ஈடுபட்டார் என்பதற்காகவோ ஒருவரை வேலைநீக்கம் செய்வதும், சங்கத்திலிருந்து விலகும்படி வற்புறுத்துவதும், விலகினால் இதைத் தருவோம் அதைத் தருவோம் என்று ஆசை காட்டுவதும் குற்றம். தான் யாருக்காகப் பேசுகிறதோ அந்த ஊழியர்களில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாதோரை அங்கத்தவராகக் கொண்ட சங்கம் பேச்சுவார்த்தைக்கு அழைத்தால் முதலாளி மறுக்கக் கூடாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குச் சட்டம் தரும் விடை, சேர்ந்ததற்காக வேலையிலிருந்து நிறுத்த முடியாது என்பதே. ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் சொல்லி உங்களை அனுப்பிவிட்டால் அது பொறுப்பான பதிலாகாது. சட்டத்தில் இருக்கும் இரண்டு எண்களைக் கவனியுங்கள்: சங்கம் பிறப்பதற்கு ஏழு பேர் போதும், முதலாளி மேசைக்கு வரக் கட்டுப்படுவதற்கு நாற்பது சதவீதம் வேண்டும். ஆயிரம் பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில் எல்லோருக்காகவும் பேசுவதென்றால் ஏழுக்கும் நானூறுக்கும் இடையில் ஒரு நீண்ட இடைவெளி இருக்கிறது. சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த இடைவெளியில்தான் வருகின்றன. நீங்கள் சேர்வதா இல்லையா என்பதை விட, உங்கள் தொழிற்சாலையில் சங்கம் இப்போது அந்த இடைவெளியின் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே நீங்கள் அந்த அக்காவிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி. சங்கம் ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்டு ஒப்பந்தம் செய்துகொண்ட இடமென்றால் பயப்பட அதிகம் இல்லை. நீங்கள் இருபதாவது ஆளாகச் சேர்கிறீர்கள் என்றால் கவனமாக இருக்க வேண்டும்.

ஏனென்றால் எந்த முகாமையும் ‘சங்கத்தில் சேர்ந்தீர், ஆகவே விலக்குகிறோம்’ என்று கடிதம் எழுதுவதில்லை. டார்கெட் முடிக்கவில்லை, பிந்தி வந்தார், மேற்பார்வையாளருக்கு எதிர்த்துப் பேசினார், அனுமதியின்றி லீவு எடுத்தார் என்றுதான் கடிதம் வரும். எங்கள் கிளையில் ஒரு களஞ்சியப் பொறுப்பாளர், அங்கத்துவ விண்ணப்பங்களைச் சேகரிக்கத் தொடங்கிய அடுத்த மாதமே, தொடர்ந்து பிந்தி வருவதாக விளக்கம் கோரப்பட்டார். அவர் தமது வரவு நேரங்களைத் தனிக் கொப்பியில் நாள்தோறும் எழுதிவைத்திருந்ததும், முந்திய வருடங்களில் ஒரு எச்சரிக்கைக் கடிதமேனும் கிடைத்திராததும்தான் அவரைக் காப்பாற்றின. சட்டப் பிரிவின் இலக்கத்தை அங்கே யாரும் சொல்ல வேண்டியே வரவில்லை.

அதனால் விண்ணப்பத்தில் கையொப்பமிடுவதற்கு முன் உங்கள் கடதாசிகளைச் சரிபாருங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், ஊழியர் சேமலாப நிதி இலக்கம், லீவு விண்ணப்பங்களின் பிரதி ஆகியவை வீட்டில் இருக்க வேண்டும். தொழிற்சாலை லொக்கரில் அல்ல. எச்சரிக்கைக் கடிதம் வந்தால் வாயால் விளக்கம் சொல்லிவிட்டு வராமல் எழுத்தில் பதில் கொடுத்து, பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். எங்கள் பக்கத்தில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: கடிதங்கள் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வரும், ‘இதில் ஒன்றுமில்லை, சைன் பண்ணுங்க’ என்று மனிதவளப் பிரிவில் சொல்லுவார்கள். பெற்றுக்கொண்டதற்கு மட்டும் கையொப்பமிடலாம். அப்படியானால் ‘பிரதி பெற்றுக்கொண்டேன்’ என்று தமிழில் எழுதித் திகதியிட்டுக் கையொப்பமிடுங்கள். அந்த இரண்டு சொற்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பின்னர் யாரும் வாதிடுவதைத் தடுக்கும்.

முகாமைக்குத் தெரியவருமா என்ற கேள்விக்கும் சந்தாக் கேள்விக்கும் விடை ஒன்றுதான். சம்பளத்திலிருந்து சந்தாவைக் கழிக்க உங்கள் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். நீங்கள் கேட்காமல் யாரும் வெட்ட முடியாது. ஆனால் அந்தச் சம்மதக் கடிதம் சம்பளப் பிரிவுக்குப் போகும் நாளிலேயே உங்கள் பெயர் முகாமைக்குத் தெரிந்துவிடும். சங்கத்துக்கு இது வசதியான முறைதான், மாதாமாதம் ஆள் ஆளாகப் போய்ப் பணம் சேர்க்க வேண்டியதில்லை. இருந்தாலும் எண்ணிக்கை போதாத காலத்தில் பெயர்ப்பட்டியலை முதலாளியின் கையில் நாமே கொடுப்பது புத்தியல்ல என்பதே என் கருத்து. அதுவரை சந்தாவைக் கையில் கட்டி, ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டுத் தராத சங்கத்தில் சேர வேண்டாம். அதில் விட்டுக்கொடுப்பே கூடாது. பிற்காலத்தில் நீங்கள் எந்தத் திகதியிலிருந்து அங்கத்தவர் என்பதை நிரூபிக்க வேண்டி வந்தால் அந்தத் துண்டுக் கடதாசிதான் சாட்சி.

நாற்பது சதவீதம் சேர்ந்துவிட்டது என்று சங்கமும், இல்லை என்று முகாமையும் சொல்லும்போது தொழில் திணைக்களம் தலையிட்டு எண்ணிக்கையைச் சரிபார்க்கும். இரகசிய வாக்கெடுப்பு நடத்துவதும் உண்டு. கோரிக்கை போன நாளுக்கும் வாக்கெடுப்பு நாளுக்கும் இடைப்பட்ட வாரங்களில்தான் திடீர்ப் பதவி உயர்வுகளும், வேறு லைனுக்கு மாற்றங்களும், ‘சங்கம் வந்தால் ஓடர் வராது, தொழிற்சாலையை மூடிவிடுவார்கள்’ என்ற பேச்சும் வரும். நாற்பதை மட்டுமட்டாகத் தொட்டுவிட்டுக் கடிதம் அனுப்பும் சங்கம் பெரும்பாலும் அந்த வாரங்களில் தோற்றுப்போகும்.

தப்பித்தவறி வேலைநீக்கம் நடந்துவிட்டால் இரண்டு வழிகள் இருக்கின்றன, அவற்றை ஒன்றாகக் குழப்பக் கூடாது. 32அ பிரிவின் கீழான முறைப்பாட்டைத் தொழில் திணைக்களத்திடம் கொடுக்க வேண்டும். முதலாளி மீது நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது அவர்களுடைய வேலை. மீண்டும் வேலை தரும்படியோ இழப்பீடு தரும்படியோ கேட்பதற்குத் தொழில் நியாய சபைக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம், உங்கள் சார்பில் சங்கமும் விண்ணப்பிக்கலாம். இதற்குக் காலக்கெடு உண்டு, அது சில மாதங்கள்தான். ‘கொஞ்சம் பொறுங்க, பேசிப் பார்ப்போம்’ என்று நிறுவனத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் பல, அந்தக் காலம் கடந்துபோவதற்காகவே வருபவை. பேச்சு நடக்கட்டும், விண்ணப்பத்தையும் அதே வாரத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஊழியர் பேரவை பற்றி. முதலீட்டுச் சபையின் கீழ் இயங்கும் தொழிற்சாலைகளில் இந்தப் பேரவைகளை ஊக்குவிப்பது நீண்டகாலமாக நடந்துவரும் ஒன்று. சாப்பாட்டுத் தரம், கழிப்பறைத் தண்ணீர், ஏறாவூர், கிரான், களுவாஞ்சிகுடி பக்கம் போகும் பஸ் நேரம் போன்றவற்றை அங்கே பேசித் தீர்க்க முடிகிறது என்றால் நல்லது, தொடர்ந்து பேசுங்கள். ஆனால் பேரவை கூடுவது முகாமையின் நேரத்தில், முகாமையின் அறையில். அதற்கென்று சொந்த நிதி இல்லை. உங்களுக்கு வேலை போனால் உங்கள் சார்பில் தொழில் நியாய சபையில் வந்து நிற்க அதனால் முடியாது. பேரவையில் இருப்பவர் சங்கத்திலும் இருக்கலாம், ஒன்று மற்றதற்குத் தடையல்ல. பேரவை இருப்பதையே காரணம் காட்டிச் சங்கம் தேவையில்லை என்று சொல்லப்படும்போதுதான் சந்தேகிக்க வேண்டும்.

மேன்பவர் ஆட்களும் தாராளமாகச் சேரலாம். ஆனால் கடதாசியில் அவர்களுடைய முதலாளி அந்த ஆட்சேர்ப்பு நிறுவனம். தொழிற்சாலை ‘இவர்கள் எங்கள் ஊழியரே அல்லர்’ என்று சொல்லி எண்ணிக்கையிலிருந்து ஒதுக்கிவிடும். ஒரே லைனில் ஒரே உடுப்பைத் தைக்கும் இருவரில் ஒருவர் கணக்கில் வருவார், மற்றவர் வரமாட்டார். அவர்களைப் பொறுத்தவரை சங்கத்தின் முதல் வேலை, ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 சதவீதத்தோடு முதலாளியின் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியின் 3 சதவீதமும் உண்மையில் கட்டப்படுகின்றனவா என்று பார்ப்பதுதான். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து நெல் ஆலைகளில் மூட்டை தூக்கும் நாட்கூலிக்காரர்களுக்கும் இதையே சொல்வேன்: சேமலாப நிதி நிரந்தர ஊழியருக்கு மட்டும் உரியது அல்ல, தற்காலிகமாகவும் நாளாந்தச் சம்பளத்துக்கும் வேலை செய்பவருக்கும் அது உண்டு. நியமனக் கடிதம் இல்லை என்பது சங்கத்தில் சேர்வதற்குத் தடையும் அல்ல.

அரச அலுவலகங்களில் வேலை செய்யும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: மேலே சொன்ன கைத்தொழில் பிணக்குகள் சட்டம் அரசாங்கம் முதலாளியாக இருக்கும் இடத்துக்குப் பொருந்தாது; உங்கள் சங்கங்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. பொலிஸாரும் படையினரும் சிறைச்சாலை அலுவலரும் சங்கம் வைக்க முடியாது.

எந்தச் சங்கம் என்பதில் என் பார்வை சற்றுக் கடுமையானது. இலங்கையின் பெரிய சங்கங்கள் பலவற்றுக்கு ஏதாவதொரு கட்சியோடு உறவு உண்டு. அதனால் மட்டும் ஒரு சங்கம் கெட்டதாகிவிடாது, ஆனால் தேர்தல் காலத்தில் உங்கள் சம்பளப் பிரச்சினை யாருடைய மேடையில் ஏறும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. மட்டக்களப்பில் இருப்பவருக்கு இன்னும் முக்கியமானது தூரம். கொழும்பில் நடக்கும் கூட்டத்துக்கு இரவு ரயிலில் போய் மறுநாள் இரவு திரும்பினால் இரண்டு நாள் சம்பளம் போகும். பெண் பிள்ளைகளுக்கு அது நினைத்தும் பார்க்க முடியாத பயணம். ஆகவே பிரச்சினை வந்தால் இங்கே வந்து தொழில் அலுவலகத்தில் உங்களோடு உட்காரப்போவது யார், அவருக்குத் தமிழ் தெரியுமா, கடைசியாக எப்போது கிழக்குக்கு வந்தார் என்று கேளுங்கள். வருடாந்தக் கணக்கைத் தொழிற்சங்கப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டியது சங்கத்தின் கடமை. அதன் பிரதியை அங்கத்தவருக்குக் காட்டத் தயங்குபவர்களை நான் நம்புவதில்லை.

அம்மாவின் மறுப்பைச் சின்ன விடயமாக எடுக்காதீர்கள். நாலு பேர் கூடிப் பேசினாலே விசாரணை வரும் என்றிருந்த காலத்தில் பிள்ளை வளர்த்தவர்கள் அவர்கள். சங்கம் என்ற சொல்லுக்கே அவர்களுக்கு வேறு நினைவு வரக்கூடும். அதைச் சட்டப் பிரிவு காட்டி மாற்ற முடியாது. அந்த அக்காவை ஒரு போயா தினத்தில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து அம்மாவோடு இருந்து பேச வையுங்கள், கூட்டங்கள் எங்கே, எந்த நேரத்தில் நடக்கின்றன, யார் யார் வருகிறார்கள் என்பதை அம்மாவே கேட்கட்டும். சங்கத்தின் யாப்பை, அதாவது அதன் விதிகள் அடங்கிய ஆவணத்தை, தமிழில் தரும்படியும் அப்போதே கேளுங்கள். அது கையில் கிடைத்து, நீங்கள் வாசித்து விளங்கிக்கொண்ட பின்பு விண்ணப்பத்தில் கையொப்பமிட்டால் போதும்.