யூ2: கொம்பு வைத்த போனோவும் கைதூக்கி நின்ற போனோவும்

வணக்கமுங்க சார்,

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். நாங்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாக உட்கார்ந்து ராக் கேட்போம். இப்போது அயர்லாந்து பேண்டான யூ2 ஓடுகிறது, கூடவே சண்டையும். 1987இல் வந்த 'ஜோஷுவா ட்ரீ' ஆல்பத்தோடு அவர்கள் கதை முடிந்தது, தொண்ணூறுகளில் செய்ததெல்லாம் வெறும் வேஷமும் லைட்டும்தான் என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவருக்கு அதுதான் உச்சம், 1997இன் 'பாப்' ஆல்பம் மாஸ்டர்பீஸ். எனக்கோ பாடகர் போனோ என்றாலே ஊருக்கு உபதேசம் செய்கிற ஆள், கேட்காமலே நம் ஐபோனில் ஆல்பத்தைத் திணித்த ஆள். இத்தனை வருஷம் கழித்து ரசிகர்கள் 'பாப்'பைத் தூக்கிப் பிடிப்பது நேர்மையான மறுமதிப்பீடா, பழைய பாசமா? எதிலிருந்து கேட்கலாம் என்றும் சொல்லுங்க.

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

வேஷம் என்று உங்கள் நண்பர் ஒதுக்குகிறாரே, அந்தப் பத்தாண்டின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. எண்பதுகளில் வெள்ளைக் கொடியைப் பிடித்துக்கொண்டு மேடையில் நடந்த போனோவும் ஒரு தோற்றம்தான். 1988இல் 'ராட்டில் அண்ட் ஹம்' படமும் ஆல்பமும் வந்தபோது அந்தத் தோற்றம் அவர்களுக்கே பாரமாகிவிட்டது. அமெரிக்க ப்ளூஸ் மரபில் தங்களையும் ஒரு ஆளாக நிறுத்திக்கொள்கிறார்கள் என்று விமர்சகர்கள் காய்ச்சி எடுத்தார்கள். அடுத்த வருஷக் கடைசியில் டப்ளின் மேடையிலேயே போனோ சொல்லிவிட்டார்: கொஞ்சம் விலகிப்போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து கனவு காண வேண்டும் என்று.

1990 அக்டோபரில், ஜெர்மனி ஒன்றான அதே சமயத்தில், பெர்லின் ஹான்சா ஸ்டுடியோவுக்குப் போனார்கள். போனோவும் கிட்டார் வாசிக்கும் எட்ஜும் எலக்ட்ரானிக் தாளம், இரைச்சல் என்று இழுக்க, டிரம்மர் லாரி மல்லனுக்கும் பாஸ் வாசிக்கும் ஆடம் கிளேட்டனுக்கும் அது பிடிபடவில்லை. பேண்டே உடைந்துவிடும் போலிருந்தது. அந்த இழுபறியில், எட்ஜ் வேறொரு பாட்டுக்காக வாசித்துப் பார்த்த துணுக்குகளிலிருந்து 'ஒன்' பாட்டு பிறந்தது. 1991இல் 'அக்டூங் பேபி' ஆல்பம் வந்தது. அதன் பெருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023இல் லாஸ் வேகாஸின் ஸ்ஃபியர் அரங்கைத் திறந்துவைத்தபோது அவர்கள் முழுசாக வாசித்ததும் அந்த ஆல்பத்தைத்தான்.

அந்த ஆல்பத்தை ஒட்டி நடத்திய 'ஜூ டிவி' கச்சேரிப் பயணத்தை எப்படியாவது வீடியோவில் பாருங்கள். மேடை முழுக்கத் திரைகள், விளக்குகளுக்குப் பதில் அந்தரத்தில் தொங்கும் கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் கார்கள். 1993இல் ஐரோப்பாவில் போனோ 'மெக்ஃபிஸ்டோ'வாக வருவார்: தங்க நிற சூட், வெள்ளை பூசிய முகம், சிவப்புக் கொம்பு. களைத்துப்போன ஒரு கிழட்டுச் சாத்தான். ஒவ்வொரு ஊரிலும் மேடையிலிருந்தே யாராவது பெரிய மனிதருக்குப் போன் போடுவார். போனோவாக நின்று அரசியல்வாதியைத் திட்டியிருந்தால் நீங்கள் சொல்கிற உபதேசம்தான் மிஞ்சியிருக்கும். சாத்தானாக நின்று வாயாரப் புகழ்ந்தபோது கூட்டம் சிரித்தது, விஷயமும் புரிந்துவிட்டது.

அதே பயணத்தில்தான் போர் நடந்துகொண்டிருந்த போஸ்னியத் தலைநகர் சரயேவோவோடு செயற்கைக்கோள் வழியே நேரடியாகப் பேசினார்கள். இதைப் பலர் ரசிக்கவில்லை. லண்டன் கச்சேரியில் திரையில் வந்த சரயேவோப் பெண் ஒருவர், நீங்கள் கச்சேரியைத் தொடர்வீர்கள், எங்களை மறந்துவிடுவீர்கள் என்று நேராகவே சொன்னார். எனக்கும் அந்தக் காட்சி இன்றும் நெருடுகிறது. ஆனால் 1997 செப்டம்பரில் அவர்கள் சரயேவோவுக்கே போய்க் கச்சேரி செய்தார்கள். அன்று போனோவின் தொண்டை ஒத்துழைக்கவில்லை. கூட்டம்தான் பாடியது.

சரி, 'பாப்'. இதை உங்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம், ஏனென்றால் இது ஷிப்மென்ட் தேதிக் கதை. ஆல்பம் முடியும் முன்பே அதற்கான 'பாப்மார்ட்' கச்சேரிப் பயணத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது. லாரிக்கு முதுகில் ஆபரேஷன், வேலை தள்ளிப்போனது. கடைசி நிமிஷம் வரை மிக்ஸ் செய்து 1997 மார்ச்சில் அனுப்பிவிட்டார்கள். சாம்பிள் ஓகே ஆகாத சரக்கு கன்டெய்னர் ஏறியது போல. மனசு ஆறாமல் பிறகு சில பாட்டுகளைத் திருத்தி வெளியிட்டார்கள். 2000இல் பழைய பாணிக்குத் திரும்பி, உலகின் சிறந்த பேண்ட் என்ற வேலைக்கு மறுபடி மனுப் போடுகிறோம் என்றார்கள். ஆக, 'பாப்' தோல்வி என்று முதலில் முத்திரை குத்தியதே பேண்ட்தான். ரசிகர்கள் அதை அப்படியே ஏற்கத் தேவையில்லை என்பதுதான் இந்த மறுமதிப்பீட்டில் எனக்குப் பிடித்த விஷயம்.

'மோஃபோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். டான்ஸ் கிளப்பில் போடுகிற தாளம், காது கிழியும் சத்தம். உள்ளே ஒரு பையன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். போனோவின் அம்மா அவருடைய 14 வயதில் இறந்தவர், அதுவும் தன் அப்பாவின் அடக்கத்தின்போது மயங்கி விழுந்து. பாப்மார்ட் கச்சேரியே இந்தப் பாட்டில்தான் தொடங்கும். குத்துச்சண்டை வீரனின் அங்கியோடு கூட்டத்துக்கு நடுவே வருவார். அங்கியைக் கழற்றினால் உள்ளே, கட்டுமஸ்தான தசைகளை பிரிண்ட் அடித்த டீசர்ட். இல்லாத பலத்தை நெஞ்சில் அச்சடித்துக்கொண்டு அம்மாவைத் தேடிப் பாடுகிறவனை வெறும் வேஷக்காரன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிரிண்டிங் யூனிட்டுகளுக்கு நடுவில் வேலை பார்க்கும் உங்களுக்கு அந்த டீசர்ட் கட்டாயம் பிடிக்கும்.

அதற்காக மாஸ்டர்பீஸ் என்று சொல்லமாட்டேன். 'மையாமி', 'தி ப்ளேபாய் மான்ஷன்' இரண்டும் எத்தனை வருஷம் போனாலும் தேறாது. எனக்கு 'பாப்'பை விட 1993இன் 'ஜூரோப்பா' உசத்தி. பயணத்தின் இடைவெளியில் அவசரமாகச் செய்தது, ஆனால் அந்த அவசரம் அதற்கு நல்லதாகவே அமைந்தது. 'நம்ப்' பாட்டில் எட்ஜ் ஏற்ற இறக்கமே இல்லாமல் கட்டளைகளை ஒப்பித்துக்கொண்டே போவதையும், கடைசிப் பாட்டை அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜானி கேஷிடம் கொடுத்துவிட்டு போனோ ஒதுங்கியதையும் கேளுங்கள்.

பழைய பாசமா என்று கேட்டீர்கள். அப்போதே கேட்டவர்களிடம் அது இருக்கலாம். உங்களிடம் எப்படி இருக்கும்? நம் பக்கத்துப் பையன்கள் பலர் காதர்பேட்டையில் வாங்கிய எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டீசர்ட்டில் பேண்ட் பெயரைப் பார்த்துவிட்டு, பாட்டை அப்புறம்தான் தேடிப்போனார்கள். ஒட்டுதல் இல்லாத அந்தக் காது நல்ல காது. 2014 ஐபோன் விவகாரம் தப்புதான், போனோவே மன்னிப்புக் கேட்டார். அந்தக் கோபத்தை 1997 வரை பின்னுக்கு இழுக்காதீர்கள்.

கடைசியாக, எதிலிருந்து தொடங்குவது? 'பாப்'பில் உள்ள 'ப்ளீஸ்' பாட்டு. வட அயர்லாந்துச் சண்டையை மனதில் வைத்து எழுதியது. தனிப் பாட்டாக வந்த சிங்கிளின் அட்டையில் அந்த மண்ணின் நான்கு அரசியல் தலைவர்களின் முகங்கள். 1998 மே மாதம், சமாதான ஒப்பந்த வாக்கெடுப்புக்குச் சில நாள் முன், அந்த நால்வரில் எதிரெதிர் அணியைச் சேர்ந்த ஜான் ஹியூம், டேவிட் டிரிம்பிள் இருவரின் கைகளையும் பெல்ஃபாஸ்ட் மேடையில் தூக்கிப் பிடித்தவர் போனோ. தசை டீசர்ட் போட்டு ஊர் ஊராகப் போய் வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஆல்பத்தில் இருப்பதை முதலில் போடுங்கள், பிறகு மறுபடி பதிவு செய்த சிங்கிளை. இரண்டாவது எவ்வளவோ மேல். அங்கிருந்து 'ஜூரோப்பா'வுக்குப் போங்கள், உங்கள் நண்பர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.