ஆஸ்கர் போட்டியில் ஒருமுறைகூட வெல்லாத டெபோரா கெர் ஏன் பெரிய நடிகையாக மதிக்கப்படுகிறார்?

1921இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்த டெபோரா கெர், பாலே நடனம் பயின்று, பின்னர் நடிப்புக்கு வந்தவர். 1943இல் வெளியான 'தி லைஃப் அண்ட் டெத் ஆஃப் கர்னல் பிலிம்ப்' படத்தில், வெவ்வேறு காலங்களைச் சேர்ந்த மூன்று பெண்களாக அவரே நடித்தார்; அப்போது அவருக்கு இருபது வயதைச் சற்றே கடந்திருந்தது. 1947இல் வந்த 'பிளாக் நார்சிசஸ்' படத்தில், இமயமலை மடமொன்றின் தலைமைக் கன்னியாஸ்திரியாக, வெளியே கண்டிப்பையும் உள்ளே பழைய காதலின் நினைவையும் ஒரே முகத்தில் அவர் காட்டியதே, என் பார்வையில், அவருடைய ஆகச் சிறந்த நடிப்பு.

ஹாலிவுட் அவரைக் கண்ணியமான சீமாட்டி வேடங்களிலேயே அடைத்து வைத்தது. அந்த வார்ப்பை உடைத்தது, கணவனால் கசந்துபோய் வேறொருவரைக் காதலிக்கும் ராணுவ அதிகாரியின் மனைவியாக 1953இல் அவர் நடித்த 'ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி'. 1956இல் 'தி கிங் அண்ட் ஐ' என்ற இசைப்படம் வந்தது. அதில் அவருடைய பாடல்களில் பெரும்பாலானவற்றுக்குக் குரல் கொடுத்தவர் பாடகி மார்னி நிக்சன்.

சிறந்த நடிகைக்கான ஆஸ்கருக்கு ஆறு முறை பரிந்துரைக்கப்பட்டும் அவர் வெல்லவில்லை. 1994இல் கௌரவ ஆஸ்கர் மட்டும் வழங்கப்பட்டது. அடக்கமாக நடிப்பவர்களுக்குப் போட்டிகளில் இந்த நிலை புதிதல்ல. பார்க்கின்சன் நோயால் பாதிக்கப்பட்டிருந்த அவர் 2007 அக்டோபரில் இங்கிலாந்தில் காலமானார்.