பிள்ளை கீறிய படத்திலிருந்து சினிமாப் பாவை: கேள்வி பதில்

பாவையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் ஒரு போட்டோ எடுத்து, அவற்றைத் தொடர்ந்து ஓட்டி அசைய வைக்கும் (ஸ்டொப் மோஷன்) குறும்படங்களுக்குப் பாவை செய்பவன் என்று தெரிந்ததும் கொழும்பில் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, என் மகளுக்கு 4 வயது. அவள் கீறிய ஆளுக்கு உடம்பே இல்லை, தலையிலிருந்தே கை கால் வருகிறது. கொஞ்சம் திருத்திச் செய்யலாமா? (வெள்ளவத்தை அம்மா)

வேண்டாம் தங்கச்சி. மூன்று, நான்கு வயதில் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான் கீறுவார்கள். ஒரு கண் நெற்றியில் இருந்தால் பாவைக்கும் நெற்றியில்தான். நாம் அழகாக்கப் போனால் கடையில் தொங்கும் பொம்மைதான் மிஞ்சும். பாவையின் உயரத்துக்குப் படத்தைப் போட்டோ கொப்பி எடுத்து, செய்யச் செய்ய அதன்மேல் வைத்துப் பாருங்கள். அசலில் ஊசி படக்கூடாது.

தலை பெரிது, கால் ஈர்க்கு மாதிரி. நிற்குமா?

நிற்க வைக்கலாம். தலைக்கு ரெஜிபோம் (பாரமில்லாத வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) உருண்டை எடுத்து உள்ளே குடைந்துவிடுங்கள். கொன்டக்ட் கம் பூசினால் ரெஜிபோம் கரைந்து குழி விழும், பைண்டர் கம் போதும். காலுக்கு 1.5 மி.மீ. அலுமினியக் கம்பியை இரண்டு இழையாக முறுக்குங்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் சீக்கிரம் முறியும். இரும்புக் கம்பி வளைத்த இடத்தில் நிற்காமல் திமிறும். பாதத்துக்குள் ஒரு நட்டை எப்பொக்சியால் பதித்து, மேசைப் பலகையில் துளை போட்டுக் கீழிருந்து ஸ்க்ரூவால் இறுக்கினால், ஒற்றைக் காலிலும் விழாது. முழங்கால்தான் முதலில் முறியும், அதனால் இன்னொரு சோடிக் காலையும் இப்போதே செய்து வையுங்கள்.

துணி எப்படித் தெரிவது?

புறக்கோட்டை கெய்சர் வீதிக்குப் படத்தையே கொண்டு போங்கள், போனில் நிறம் மாறிக் காட்டும். மயிர்த்துணி வேண்டாம். தொடும்போதெல்லாம் மயிர் நகர்ந்து திரையில் நடுங்கும். பஸ்டல் படாத வெள்ளை இடைவெளிகளை அப்படியே விடுங்கள், அதில்தான் பிள்ளையின் கை தெரியும்.

படத்தில் சில கோடுகள் என்னவென்றே புரியவில்லை. (கொட்டாஞ்சேனை ஆசிரியை)

கீறியவரிடமே கேளுங்கள் டீச்சர். ஒரு பையனிடம் தலைக்கு மேல் நிற்கும் கோடுகளைப் பற்றிக் கேட்டேன். முடியில்லை, மழையாம்! கம்பளி நூலை வைத்துவிட்டுத் தங்கூசியை (மெல்லிய நைலோன் இழை) எடுத்தோம். எப்படி நடக்கும், எதற்குப் பயப்படும் என்றும் கேளுங்கள். பாதி நடிப்பு அங்கேயே கிடைத்துவிடும்.

அம்பலாங்கொடையில் நூல்பாவை செதுக்கித் தருவார்களே, அது சரிவராதா?

அந்த நூல்பாவைக் கூத்து 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பெரிய கலை. ஆனால் நூலில் தொங்கும் கையைக் கொஞ்சம் நகர்த்தி அங்கேயே நிறுத்த முடியாது. ஆட்டத்தை நேரடியாகப் படம் பிடிப்பதென்றால் தாராளமாகக் கேட்கலாம்.

போனிலேயே எடுக்கலாமா அண்ணா? எத்தனை படம் வேண்டும்?

எடுக்கலாம் தம்பி. செக்கனுக்கு 24 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்தால் 12 போதும், 10 செக்கன் காட்சிக்கு 120. ஸ்டாண்ட் அசையக்கூடாது, போனில் வெளிச்சத்தையும் போகஸையும் பூட்டிவிடுங்கள். ஜன்னலை மூடி லைட் போட்டு எடுங்கள், மேகம் வந்து போனால் காட்சி மினுங்கும். வெக்கையாக இருந்தாலும் ஃபேனை நிறுத்தத்தான் வேண்டும்.