மினியேச்சர் (சின்ன உருவப் பொம்மை) பெயின்ட் செய்ய எந்த பிரஷ், எப்படிக் காப்பாற்றுவது? கேள்வி பதில்

கே: 28 மி.மீ. உருவங்களுக்குக் கண் வைக்க மிகச் சிறிய 000 சைஸ் பிரஷ் வாங்கினேன். பெயின்ட் முனையிலேயே காய்ந்துவிடுகிறதே, சார்?

அந்த அளவு பிரஷ்ஷில் பெயின்ட் தங்க இடமே இல்லை. எடுத்த துளி உருவத்தைத் தொடுவதற்குள் உலர்ந்துவிடும். சைஸ் 1 எடுங்கள். கண்ணை வரைவது முனைதான், பிரஷ்ஷின் பருமன் அல்ல. நடுவில் புடைத்திருக்கும் வயிறு பெயின்ட்டைச் சேமித்து வைத்து, முனைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும். சைஸ் 1, 2 இரண்டும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். ஒன்று கவனியுங்கள்: எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரஃபேல் 8404-இன் சைஸ் 1, வின்சர் அண்ட் நியூட்டன் சீரீஸ் 7-இன் சைஸ் 1-ஐ விடப் பெரியது.

கே: கொலின்ஸ்கி கட்டாயமா? சிந்தெடிக் (செயற்கை இழை) போதாதா?

புதிதாகத் தொடங்குபவருக்கு சிந்தெடிக் போதும். பிரஷ்ஷைப் பாழாக்கித்தான் எல்லோரும் கற்கிறோம், மலிவானதாகப் பாழாகட்டும். கொலின்ஸ்கி என்பது சைபீரிய வீசல் என்ற சிறு விலங்கின் வால்முடி. ஒவ்வொரு முடியும் இயல்பாகவே நுனியில் மெலிந்திருக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், வளைத்தால் துள்ளி நிமிரும். மெல்லிய கோடு, நிறக் கலப்பு என்று வரும்போது வித்தியாசம் தெரியும்.

கே: கடையில் எப்படிச் சோதிப்பது?

தண்ணீரில் நனைத்து ஒரு உதறு உதறுங்கள். ஒரே கூர்முனையாகச் சேர்ந்தால் வாங்கலாம். இரண்டாகப் பிளந்தாலோ, ஒரு முடி தனியே நீட்டிக்கொண்டிருந்தாலோ வேறு கேளுங்கள்.

கே: தினமும் கழுவுகிறேன். ஆனாலும் இரண்டு மாதத்தில் முனை பிளந்துவிடுகிறது, அண்ணா.

கோளாறு முனையில் இல்லை, முடியைக் கைப்பிடியோடு பிணைக்கும் உலோகக் குழலில். பெயின்ட் அங்கே ஏறிக் காய்ந்தால், உள்ளிருந்தே முடிகளை அகட்டும். முடியின் பாதி நீளத்துக்கு மேல் பெயின்ட் ஏறக் கூடாது, மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தினால் இன்னும் நல்லது. பெயின்ட்டைக் கலக்க வேறு பழைய பிரஷ் வையுங்கள். வேலை நடுவிலேயே சில நிமிடத்துக்கொரு முறை தண்ணீரில் அலசுங்கள். அக்ரிலிக் பெயின்ட் ஒருமுறை காய்ந்தால் தண்ணீரில் கரையாது.

முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீர், பிரஷ் சோப்பு. உள்ளங்கையில் முடி சாயும் திசையிலேயே இழுத்துத் தேய்க்க வேண்டும், குத்தக் கூடாது. நுரையில் நிறம் வருவது நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்து, கடைசியில் கொஞ்சம் சோப்போடு முனையை விரலால் கூராக்கிப் படுக்கவைத்து உலர்த்துங்கள். ஈரத்தோடு மூடி போட்டால் பூஞ்சை பிடிக்கும். தண்ணீர்க் குவளையில் தலைகீழாக நிறுத்தி வைப்பதுதான் பெரிய பாவம்: முனை வளையும், கைப்பிடி மரம் ஊறிப் பூச்சு வெடிக்கும், குழல் கழன்று ஆடும்.

கே: குழலுக்குள் ஏற்கெனவே காய்ந்துவிட்டது. பிழைக்குமா?

முயன்று பார்க்கலாம். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் முடியை மட்டும் ஓரிரு நிமிடம் நனைத்து, பிறகு சோப்பு. ஆல்கஹால் இயற்கை முடியின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சிவிடும் என்பதால் கடைசியில் தலைமுடிக் கண்டிஷனர் தடவி அலசுங்கள். அடிக்கடி செய்தால் முடி மொடமொடப்பாகி உடையும்.

கே: சிந்தெடிக் முனை கொக்கிபோல் வளைந்துவிட்டது.

அதன் குணம் அது. கொதிநீரில் சில விநாடி முக்கி விரலால் நீட்டினால் நிமிரும், ஆனால் மறுபடி வளையும். வளைந்ததை அடிப்பூச்சுக்கு ஒதுக்குங்கள்.

கே: நாக்கால் முனையைக் கூராக்கலாமா?

வேண்டாம். சில நிறமிகளில் காட்மியம் போன்ற உலோகங்கள் இருக்கும். ஈரத் துணியில் பிரஷ்ஷைச் சுழற்றி இழுங்கள், அதே கூர் வரும்.

கே: டிரைபிரஷ்ஷுக்கும் மெட்டாலிக் பெயின்ட்டுக்கும் அதே பிரஷ்ஷா?

டிரைபிரஷ், அதாவது பெயின்ட்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட பிரஷ்ஷால் மேடுகளில் தேய்ப்பது, முடியை முறிக்கிற வேலை. அதற்கு ஒப்பனைக்கான உருண்டைத் தலை பிரஷ்ஷே அருமையாக உழைக்கும், நல்லதைத் தொடாதீர்கள். மெட்டாலிக்குக்குத் தனி பிரஷ், தனித் தண்ணீர். அதன் மினுக்குத் துகள்கள் குவளையில் மிதந்து, அடுத்து நீங்கள் பூசும் முகத்தில் வந்து மின்னும்.