கூரியர்காரர் ஓடிவிட்டார், நாய் ஜெயித்துவிட்டது

கேள்வி: எங்கள் ராஜபாளையம் நாய்க்கு 2 வயது. கேட் பக்கம் யார் வந்தாலும் விடாமல் குரைக்கிறான். அதட்டினால் சத்தம் கூடுகிறது.

பதில்: கூரியர்காரர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுத் தன் வழியில் போகிறார். உங்கள் நாயின் கணக்கே வேறு: "நான் குரைத்தேன், ஆள் ஓடிவிட்டான்." தினமும் இப்படி ஜெயிக்கிறவன் ஏன் நிறுத்தப் போகிறான்? நீங்கள் உள்ளே இருந்து கத்துவதும், துணைக்கு நீங்களும் குரைப்பதாகத்தான் அவனுக்குப் படும்.

முதலில் கேட் கம்பிகளுக்குப் பின்னால் தகரமோ பச்சை வலையோ கட்டித் தெருவை மறையுங்கள். அப்புறம் ஒத்திகை. வீட்டில் ஒருவரை வெளியே நிறுத்தி காலிங் பெல்லை அடிக்கச் சொல்லுங்கள். மணி ஒலித்த அதே நொடியில், ஹாலில் விரித்த சாக்கின் மேல் வேகவைத்த கோழித்துண்டு ஒன்று விழ வேண்டும். சுண்டுவிரல் நக அளவு போதும். குழம்பிலிருந்து எடுத்துப் போடாதீர்கள், வெங்காயம் நாய்க்கு ஆகாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். நாள் போகப்போக மணி கேட்டதும் கேட்டுக்கு ஓடாமல் சாக்கைத் தேடி வருவான். காவலுக்கும் வேட்டைக்கும் வளர்த்த இனம், இரண்டு குரை குரைக்கத்தான் செய்வான். அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் வேலைக்குப் போனதும் குரைக்கிறதாம். பக்கத்து பிளாட்டில் புகார்.

பதில்: பழைய போன் ஒன்றில் வீடியோ ஓடவிட்டுப் போங்கள். ஜன்னலோரம் பூனை வரும்போது மட்டும் குரைத்தால் திரை போட்டால் தீர்ந்தது. நீங்கள் கிளம்பியதுமே ஊளையிட்டு, கதவைப் பிறாண்டி, எச்சில் வடித்தால் அது தனிமைப் பயம். நீங்கள் கிளம்பும் அடையாளங்கள் அதற்குப் பழக வேண்டும்: சாவியை எடுத்துக்கொண்டு சோபாவிலேயே உட்காருங்கள். மறுநாள் கதவைத் திறந்து மூடுங்கள். அது பதறாதவரை ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று வெளியே நில்லுங்கள். பொறுமை வேண்டும், குறுக்கு வழி இல்லை.

கேள்வி: குரைத்தால் மின்அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை, அதாவது ஷாக் காலர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தெருவில் போகும் குழந்தையைப் பார்த்துக் குரைக்கும்போது வலித்தால், அந்த வலிக்குக் குழந்தைதான் காரணம் என்று நாய் நினைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: 13 வயது பொமரேனியன் நடுராத்திரியில் சுவரைப் பார்த்துக் குரைக்கிறது. எமன் தெரிகிறான் என்கிறார் மாமியார்.

பதில்: எமனுக்கு முன்னால் கால்நடை மருத்துவரைப் பாருங்கள்! காது மந்தம், கண்புரை, மூட்டுவலி, முதுமை மறதி எதுவாகவும் இருக்கலாம். அதுவரை படுக்கைக்குப் பக்கத்தில் ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும், தண்ணீர்க் கிண்ணத்தை இடம் மாற்றாதீர்கள்.