கரும்புச் சோகை கிழித்த கண்: மருந்தை மாற்றலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது. கரும்பு வெட்டும்போது சோகை கண்ணில் கிழித்துவிட்டது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விட்டதும் இரண்டு நாள் சிவப்பு குறைந்தது. அப்புறம் கருவிழியில் வெள்ளைப் புள்ளி வந்துவிட்டது. கண் மருத்துவமனையில் புண்ணைச் சுரண்டிப் பார்த்து, பூஞ்சைத் தொற்று என்று நாட்டமைசின் சொட்டு மருந்து கொடுத்தார்கள். மணிக்கு ஒரு தடவை விடுகிறோம். ஒரு வாரமாகியும் புள்ளி அப்படியே இருக்கிறது. வீரியமான வேறு மருந்து கேட்கலாமா? சுரண்டியதால்தான் ஆறவில்லை என்கிறார் சித்தப்பா.
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: சித்தப்பாவின் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். கண்ணை மரத்துப்போக வைத்துவிட்டுத்தான் சுரண்டுவார்கள். எடுத்த துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பூஞ்சை இருக்கும்போது பெரும்பாலும் அதன் இழைகள் சற்று நேரத்திலேயே தெரிந்துவிடும். மீதியைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்புவார்கள். அது வளர்ந்து முடிவு வரச் சில நாட்கள் ஆகும். பாக்டீரியாவா பூஞ்சையா என்று வெறும் பார்வையில் உறுதியாகச் சொல்ல முடியாது. போதாததற்கு, நாட்டமைசின் கருவிழிக்குள் எளிதில் இறங்காத மருந்து. மேலே படிந்த அழுக்கைச் சுரண்டி எடுத்தால்தான் அதற்கு வழி கிடைக்கும். ஆகவே சுரண்டியதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

ஒரு வாரம் இதற்குப் போதாது. பூஞ்சைப் புண் ஆற மூன்று வாரம், ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் வாரத்தில் புண் பெரிதாகாமல் இருந்தாலே நல்ல சேதி. ஓரத்தில் இறகுபோலப் பிசிறியிருப்பது மழுங்குகிறதா, உள்ளே சீழ் தேங்கியிருந்தால் அது குறைகிறதா என்றுதான் மருத்துவர் பார்ப்பார். வெள்ளை முழுவதும் மறையாது. புண் ஆறினாலும் தழும்பு நிற்கும்.

வீரியமான மருந்து என்று நீங்கள் கேள்விப்பட்டது வோரிகோனசோலாக இருக்கலாம். அதையும் நாட்டமைசினையும் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2013-இல் வெளியானது. ஜெயித்தது பழைய நாட்டமைசின்தான், குறிப்பாக ஃபியூசேரியம் என்ற பூஞ்சையில். ஆகவே நீங்களாக மாற்றச் சொல்லாதீர்கள். பாட்டிலை ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் படிந்துவிடும், குலுக்காமல் விட்டால் வெறும் தண்ணீர்தான் விழும். இமைக்குள் வெள்ளையாக ஒட்டுவது மருந்துதான், சீழ் என்று பயப்பட வேண்டாம். வேறு சொட்டு மருந்தும் இருந்தால் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள்.

எனக்கு உறுத்துவது அந்த மெடிக்கல் மருந்து. இரண்டு நாள் சிவப்பு குறைந்து பிறகு புண் கிளம்பியது என்றால், அதில் ஸ்டீராய்டு இருந்ததா என்று பார்க்க வேண்டும். லேபிளில் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருக்கிறதா? ஸ்டீராய்டு சிவப்பைத்தான் அடக்கும். பூஞ்சைக்கு அதுவே தீனி போட்டதுபோல. பாட்டிலைத் தூக்கிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். கண்ணைக் கட்டி மூடவும் வேண்டாம். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போதும்.

வலி திடீரென்று கூடினாலோ, கண்ணிலிருந்து சூடாகத் தண்ணீர் வழிந்து பார்வை மங்கினாலோ, புண் ஓட்டை விழுந்திருக்கலாம். ராத்திரியானாலும் உடனே கிளம்புங்கள். அந்த நிலையில் தானமாக வந்த கருவிழியை வைத்துத் தைத்துக் கண்ணைக் காப்பாற்றப் பார்ப்பார்கள்.