முட்டைக்கு மருந்து கேட்கிறீர்கள், குஞ்சுக்குத் தீனி எங்கே?

கேள்வி: ஐயா, வணக்கம். நாகர்கோவிலில் வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீன் (ஆசெல்லாரிஸ்) வளர்க்கிறேன். ஒன்றரை மாதமாக முட்டையிடுகின்றன. முதல் இரண்டு தடவையும் இரண்டே நாளில் முட்டை காணாமல் போனது. ஆண் மீனே தின்றதைக் கண்ணால் பார்த்தேன். மூன்றாம் தடவை மண்சட்டியோடு முட்டையை எடுத்து வாளியில் வைத்து, ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு, கடைக்காரர் கொடுத்த பூஞ்சை மருந்தையும் விட்டேன். நான்காம் நாள் அத்தனையும் வெள்ளையாகிவிட்டது. நேற்று மறுபடி சட்டியில் முட்டை வைத்திருக்கிறது, 300 இருக்கும். இந்தத் தடவையாவது காப்பாற்ற வேண்டும். வேறு நல்ல மருந்து சொல்லுங்கள்.

பதில்: தம்பி, மருந்து எதுவும் சொல்லப் போவதில்லை. சட்டியை இருந்த இடத்திலேயே விடுங்கள்.

அந்த ஆண் மீன் என்ன செய்கிறது என்று ஒரு கால் மணி நேரம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். பக்கவாட்டுத் துடுப்பால் முட்டைக்கு விசிறிக்கொண்டே இருக்கும். நடுநடுவே வாயை வைத்து ஒவ்வொன்றாகத் தடவும், செத்த முட்டையைப் பிடுங்கி எடுக்கும். இந்த வேலையை வாளியில் ஒரு ஏர் ஸ்டோன் அப்படியே செய்துவிடாது. குமிழி முட்டையை உரசிக்கொண்டு போக வேண்டும், ஆனால் அடிக்கக் கூடாது. உங்கள் வாளியில் குமிழி ஒரு மூலையில் கிளம்பியிருக்கும், சட்டி இன்னொரு மூலையில் இருந்திருக்கும். ஒரு முட்டை செத்தால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் தாவும். அதற்கு மேல் மருந்து வேறு.

முதல் சில தடவை முட்டையைத் தின்பது புது ஜோடிக்கு வழக்கம்தான். கருக்கட்டாத முட்டையைத் தின்கிறது, ஆள் நடமாட்டத்துக்குப் பயந்து தின்கிறது, பசியிலும் தின்கிறது. இறாலும் கணவாயும் உங்கள் ஊரில் புதிதாகவே கிடைக்கும். பொடியாக நறுக்கி நாளைக்கு மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மணிக்கு ஒரு தரம் டார்ச் அடித்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். பத்து முதல் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை முட்டை வைக்கும் மீன் இது. ஒன்று போனால் அடுத்தது வரும். நான்கைந்து தடவையில் ஆண் மீன் தானே தேறிவிடும்.

சரி, உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அந்த 300 முட்டையும் பொரிந்திருந்தால் மறுநாள் காலையில் என்ன போட்டிருப்பீர்கள்? கடிதத்தை இரண்டு தரம் படித்தேன், தீனி பற்றி ஒரு வரி இல்லை.

பொரிந்த குஞ்சு மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். மஞ்சள் கரு இருப்பு மிகக் குறைவு. முதல் நாளே வாய் திறந்து தேடும். கண்ணெதிரே அசைகிற உயிருள்ள தீனியைத்தான் கொத்தும். ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் பொடி இறால் போன்ற உயிரி) அதன் வாய்க்குப் பெரிது. முட்டை மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றுவது கப்பி என்னும் நன்னீர் மீன் வளர்ப்பவர்கள் பழக்கம், கடல் தொட்டியில் அது மீனைக் கொல்லும் அம்மோனியா தயாரிக்கும் வழி. 'குஞ்சுத் தீனி' என்று கடையில் விற்கும் திரவ பாட்டிலும் அதே கதைதான். விற்பவர்களில் பலர் ஒரு குஞ்சைக்கூட ஒரு வாரம் தாண்ட வைத்தவர்கள் இல்லை. மீன் முட்டையிட்டது என்று நீங்கள் சொன்னதும் அவர் கை தானாக மருந்து அலமாரிக்குப் போகும்.

இதற்கு வேண்டியது ரொட்டிஃபர், கண்ணுக்குப் பொடிப் புள்ளியாகத் தெரியும் நீர் நுண்ணுயிரி. மீனுக்கு முன்னால் ரொட்டிஃபர் வளர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லி அலுத்துப்போனேன். கணக்கைப் பாருங்கள். 20 லிட்டர் குஞ்சுத் தொட்டியில் மில்லிலிட்டருக்குப் பத்து ரொட்டிஃபராவது இருந்தால்தான் குஞ்சு தேடி அலையாமல் தின்னும். அதற்கே இரண்டு லட்சம் வேண்டும். மில்லிலிட்டருக்கு நூறு அடர்த்தியில் நன்றாகப் பெருகிய கல்ச்சரில் (ரொட்டிஃபர் வளர்க்கும் தண்ணீரில்) இரண்டு லிட்டர் எடுத்தால் சரியாக வரும். ஆனால் இது ஒரு நாள் சமாசாரம் இல்லை. எட்டு பத்து நாள் தினமும் பார்த்து, குறைந்ததை நிரப்ப வேண்டும். பொரித்த பிறகு கல்ச்சர் போட ஓடினால் ஒன்றும் நடக்காது.

எனக்கும் இது பட்டுத்தான் தெரிந்தது. மலிவு என்று பேக்கரி ஈஸ்ட் போட்டு ஒரே பக்கெட்டில் ரொட்டிஃபர் வளர்த்தேன். பொரித்த மறுநாள் பக்கெட் மேலே நுரை கட்டி, முகர்ந்தால் நாற்றம். கண்ணாடித் தம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். முந்தின நாள் வரை பொடிப் புள்ளிகளாகச் சுழன்றுகொண்டிருந்தது அத்தனையும் அடியில் தூசியாகக் கிடந்தது. மூன்றாம் நாள் குஞ்சுகளும் அப்படியே கிடந்தன. அன்றிலிருந்து ஈஸ்ட் தொடுவதில்லை. நானோகுளோராப்சிஸ் என்னும் நுண்பாசியில்தான் வளர்க்கிறேன், அதுவும் இரண்டு பக்கெட்டில், ஒன்றின் கப் மற்றொன்றில் படாமல். ஒன்று சாய்ந்தால் இன்னொன்று நிற்கும். தினமும் கால் பங்கு தண்ணீரை மெல்லிய சல்லடைத் துணியில் வடித்து ரொட்டிஃபரை எடுத்துக்கொண்டு, அந்தப் பாசி வளர்ந்த பச்சைத் தண்ணீர் விட்டு நிரப்புவேன். மீன் முட்டை வைக்காத வாரத்திலும் இதை விடுவதில்லை. வீட்டில் இதற்காக நான் வாங்கும் பேச்சு தனி.

ரொட்டிஃபர் விதையும் பாசி விதையும் கடையில் தேடாதீர்கள். மண்டபம், விழிஞ்சம் இரண்டிலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையங்கள் இருக்கின்றன. அங்கே கோமாளி மீனையே பொரிக்க வைத்திருக்கிறார்கள். விழிஞ்சம் உங்களுக்குப் பக்கம். நேரில் போய்க் கேளுங்கள்.

ஆகையால் நேற்று வைத்த முட்டையை இந்தத் தடவை ஜோடியிடமே விட்டுவிடுங்கள். வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வாரத்தில் உங்களால் கல்ச்சர் தயாரிக்க முடியாது. பொரிக்க வைத்துப் பட்டினியில் சாக விடுவதை நான் செய்யச் சொல்ல மாட்டேன். அதற்குப் பதில் முட்டையைப் பார்த்துப் பழகுங்கள். முதலில் ஆரஞ்சாக இருக்கும், பிறகு கறுக்கும், கடைசியில் வெள்ளிக் கண்கள் மின்னும். 27, 28 டிகிரியில் ஏழெட்டு நாளில் அந்தக் கண் தெரியும். அன்று இரவு விளக்கணைத்த இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பொரித்துவிடும். அறையில் தெரு விளக்கு வெளிச்சம் விழுந்தால்கூடத் தள்ளிப்போகும்.

கல்ச்சர் நிமிர்ந்து நின்ற பிறகு வரும் முட்டைக்கு, அந்த வெள்ளிக் கண் தெரிகிற நாள் மாலையில்தான் சட்டியை எடுக்க வேண்டும். பெரிய தொட்டியின் தண்ணீரையே குஞ்சுத் தொட்டியிலும் நிரப்புங்கள். சட்டியைத் தண்ணீருக்கு வெளியே தூக்காமல், ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு மொண்டு மாற்றுங்கள். குமிழி முட்டையை ஒட்டிப் போகட்டும். தொட்டியின் நான்கு பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் குஞ்சுகள் வெளிச்சம் வரும் கண்ணாடியில் போய் முட்டிக்கொண்டே கிடக்கும். பொரித்ததும் சட்டியை எடுத்துவிட்டு, காற்றைக் குறைத்து, தண்ணீர் இளம்பச்சையாகும் அளவுக்குப் பாசி விடுங்கள். குஞ்சு ரொட்டிஃபரைத் தின்ன, ரொட்டிஃபர் பாசியைத் தின்னும்.

ஏழெட்டு நாளில் அன்றன்று பொரித்த ஆர்டீமியாவைக் கொஞ்சமாகக் கலக்கலாம். ரொட்டிஃபரைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். பத்து நாளை ஒட்டி, மிதந்துகொண்டிருந்த குஞ்சுகள் அடியை நாடி, தலையில் முதல் வெள்ளைப் பட்டை தெரியும். அதற்கு முந்தின நாள்களில்தான் சாவு அதிகம். அம்மோனியாவும் அதற்கு ஒரு காரணம்.

அந்தப் பூஞ்சை மருந்து பாட்டிலில் மீதி இருந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார், கேட்டுத்தான் பாருங்களேன்.